விளக்கெண்ணெய் பூசிய தலை

எனக்கு அடுத்தவர் தலை என்றாலே குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரின் பிடரியில் எண்ணெய் வழிந்தால், உட்கார இடம் இருந்தும் எழுந்து நின்றுகொண்டே ஊர் போய்ச் சேருவேன். அப்படிப்பட்டவனைப் பிடித்துத் தலை தலையாகத் தொட வைத்தான் முருகன். அந்தக் கதையை எழுதிக் கொடுங்கள் என்று கிருத்திகைதோறும் ஆய்க்குடியில் கூடுகிற நம் அன்பர்கள் மூன்று வருஷமாகக் கேட்கிறார்கள். இனிப்பான கதை இல்லை என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். இது 1986. இனியும் தள்ளிப்போட மனசு இடம் கொடுக்கவில்லை. படிக்கும்போது யாராவது முகம் சுளித்தால் நான் வருத்தப்பட மாட்டேன். எழுதும்போது எனக்கே சுளிக்கிறது.

1975-இல் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்தேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் வேலை இல்லை. தென்காசியில் தெரிந்தவர் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவேன். "இன்னும் ஒண்ணும் அமையலியா?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனது. செத்துவிடலாம் என்றுகூட இரண்டு தடவை நினைத்திருக்கிறேன். கிருத்திகை தவறாமல் ஆய்க்குடிக்குப் போய் முருகன் முன்னால் நின்று, "ஒரு வேலை கொடு" என்று கேட்டேன். என்ன வேலை என்று சொல்லவில்லை. அது என் தப்பு.

1978 வைகாசியில் கடிதம் வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சித் துறையில் ஆராய்ச்சி உதவியாளர் பதவி. தற்காலிகம்தான். ஒழுங்காகச் செய்தால் சீசன் முடிந்ததும் நிரந்தரம் ஆக்கி, பிஎச்.டி.க்கும் பதிந்துகொள்ளலாம் என்று பேராசிரியர் நேரிலேயே சொன்னார். அவரைப் பார்த்துவிட்டு நியமனக் கடிதத்தோடு ஊருக்கு ஓடி வந்து அப்பாவிடம் காட்டினேன்.

"மூளையை ஆராயுத வேலையாலே? நம்ம வம்சத்துல எவனுக்கும் அது கிடையாதுன்னு உங்கம்மை சொல்லிக்கிட்டே இருப்பா. இனி அவ வாய அடச்சிரலாம்" என்றார் அப்பா. அன்றைக்கே ஆய்க்குடி முருகனுக்கு மாலை சாத்தினோம்.

சீசன் என்று சொன்னேன் அல்லவா? வேலை குற்றாலத்தில்தான். சித்தம் கலங்கியவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிவந்து அருவியில் தலை கொடுக்க வைப்பது நம் பக்கத்தில் காலங்காலமாக நடப்பது. அதைப் பேராசிரியர் ஆராய எடுத்துக்கொண்டார். மூளையை வெளியிலிருந்து தூண்டிவிட்டால் நோய் மாறும் என்பது அவர் கொள்கை. அருவித் தண்ணீர் உச்சந்தலையில் அடிப்பதும் ஒரு தூண்டல்தான் என்றார். குளிக்க ஆரம்பிப்பதற்கு முன்பும், குளிக்கிற நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாளும் மூளையின் மின் அலைகளை இயந்திரத்தில் எழுதி எடுக்க வேண்டும். தண்ணீருக்கு மசியாத மூளைகளைச் சென்னைக்குக் கொண்டுபோய் மின்சாரத்தால் தூண்டிப் பார்க்க வேண்டும். இதுதான் திட்டம். அருவிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்து இயந்திரத்தை இறக்கினார்கள்.

இயந்திரம் அழகாகத்தான் இருந்தது. பதினாறு பேனாக்கள், ஓடுகிற காகிதம். அதைப் பார்த்து நான் பூரித்துப்போனேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நோயாளியின் முடியை வகிடு வகிடாகப் பிரிக்க வேண்டும். தலைத்தோலை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்து எண்ணெயும் அழுக்கும் போக எடுக்க வேண்டும். பசை தடவ வேண்டும். நுனியில் பொட்டளவு வெள்ளிக் கிண்ணம் வைத்த ஒயர்களை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் மின்தடை எவ்வளவு என்று மீட்டரில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இந்த வேலைக்கு இருந்த ஆள் குற்றாலத்துக்கு வர மாட்டேன் என்று நின்றுவிட்டான். "ரிசர்ச் பண்றவன் கையாலேயே பண்ணினா நல்லது" என்றார் பேராசிரியர். அவர் கை எதையும் தொடவில்லை.

அன்பர்களே, அந்தத் தலைகளை நான் எப்படிச் சொல்வேன்? மாதக்கணக்கில் சீப்புப் படாத முடி. பேன், ஈர், பொடுகு, சொறி. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தவர்கள் சுவரில் முட்டி முட்டி வைத்த புண். மூலிகை அரைத்து உச்சியில் தளமாக அப்பி வைத்ததில் அழுகிப்போன வாடை. போதாக்குறைக்குச் சாரல். துவைத்த துணி காயாது. மெத்தை, துண்டு, பஞ்சு, எல்லாம் புளித்த நாற்றம். முதல் நாள் மத்தியானம் இலை போட்டுச் சோறு வைத்தார்கள். நான் விரலை மோந்து பார்த்துவிட்டு எழுந்து போய் வாந்தி எடுத்தேன்.

மூன்றாம் நாளிலிருந்து ஏமாற்ற ஆரம்பித்தேன். முடியைப் பிரிக்காமல் மேலோடு பஞ்சை ஒற்றிவிட்டு, பசையை அப்பி அப்பி வைத்து ஒயரை ஒட்டினேன். விரல் நுனிதான் படும். மீட்டரைத் தொடவே இல்லை. "தலைத்தோல் சுத்தம் செய்யப்பட்டது" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். மின்தடைக் கட்டங்களில் எல்லாருக்கும் ஒரே எண்ணை எழுதினேன். பேராசிரியர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, கை சுத்தமா இருக்கே" என்றார். நான் பல்லைக் காட்டினேன். இன்றைக்கு அந்தப் பல்லை நினைத்தால் உடைக்கத் தோன்றுகிறது.

வந்தவர்களில் ஒருத்தி சொர்ணம். வாசுதேவநல்லூர்ப் பெண். இருபத்திரண்டு வயது. பிறந்த குழந்தை செத்த பிறகு அவள் பேச்சு நின்றுபோயிற்று. எட்டு மாதமாக ஒரு சொல் இல்லை. ஊட்டினால் சாப்பிடுவாள், விட்டால் அப்படியே சுவரைப் பார்த்து இருப்பாள். புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுப் போய்விட்டார்கள். துணைக்கு இருந்தது அவள் அம்மா. ஐம்பது வயது இருக்கும். நான் ஆச்சி என்று கூப்பிடுவேன். அந்த அம்மாள் தினமும் மகளைப் பிடித்துக்கொண்டு அருவியில் நிற்பார். சாயங்காலம் எங்களிடம் கூட்டிவருவார்.

சொர்ணத்தின் தலையில் விளக்கெண்ணெய் நாறும். காலையில் அருவியில் நின்ற தலையில் சாயங்காலம் எப்படி இத்தனை எண்ணெய் என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். இடது பக்கம் பிசுபிசுவென்று வழுக்கியது. இன்னும் கொஞ்சம் பசையை அப்பினேன்.

நான்கு தடவை எழுதி எடுத்தோம். நான்கிலும் வலது பக்கத்துப் பேனாக்கள் ஆடின. இடது பக்கத்துப் பேனாக்கள் அசையாமல் கோடு கிழித்தன. பேராசிரியர் மங்குஸ்தான் பழத்தைப் பிளந்து தின்றுகொண்டே காகிதத்தைப் புரட்டினார். சாறு காகிதத்தில் சொட்டியது.

"பியூட்டிஃபுல் கேஸ்ப்பா. இடது பக்கம் மொத்தமா அமுங்கிக் கிடக்குது பார். உள்ளே கட்டி இருக்கலாம், சுருங்கியும் இருக்கலாம். மெட்ராஸ்ல வச்சுத் திறந்து பார்த்துடலாம்" என்றார். கொட்டையை அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே துப்பினார்.

என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் அவரே விளக்கினார். அந்தக் காலத்தில் மூளையைப் படம் பிடிக்க இப்போதுபோல வழி இல்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீரை எடுத்துவிட்டு, காற்றை ஏற்றி, அந்தக் காற்று மூளைக்குள் ஏறியதும் எக்ஸ்ரே எடுப்பார்கள். தலைவலி உயிர் போகும். அதற்குப் பிறகு மண்டையில் துளை போட்டு, கம்பியை உள்ளே இறக்கி மின்சாரத்தால் தூண்டிப் பார்ப்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ரயில். அம்மாளிடம் பேப்பரில் கைநாட்டு வாங்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்.

வாங்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். "நல்லதுக்குத்தான தம்பி?" என்று கேட்டார். "ஆமா ஆச்சி" என்று மைப்பெட்டியை நீட்டினேன்.

அதன் பிறகுதான் எனக்குள் அரிக்க ஆரம்பித்தது. எண்ணெயும் பசையும் கலந்து வழிந்து பக்கத்துப் பக்கத்து ஒயர்களை ஒன்றாக்கிவிட்டால் பேனா அசையாது. பௌதிகம் படித்தவனுக்கு இது தெரியாதா? அமுங்கிக் கிடந்தது அவள் மூளையா, என் சோம்பேறித்தனமா? சொல்லிவிட்டால் நான்கு காகிதமும் குப்பை. அது மட்டுமா? நான் ஒட்டிய எல்லாத் தலைகளும் குப்பை. வேலை போகும். மறுபடியும் தென்காசிச் சந்துகள். சொல்லாவிட்டால் அவள் மண்டையில் துளை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரம் ஆடிக்கிருத்திகை. பேராசிரியரிடம் பாதி நாள் லீவு கேட்டுக்கொண்டு ஆய்க்குடிக்குப் போனேன். முருகன் முன்னால் நின்று நான் வேண்டியதை மறைக்காமல் எழுதுகிறேன். "அவளுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது, என் வேலையும் போகக் கூடாது, நான் வாயையும் திறக்க மாட்டேன். நீயே பார்த்துச் செய்." இதற்குப் பெயர் பிரார்த்தனையா? எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அழுதேன். அழுததில் மட்டும் பொய் இல்லை.

வெளியே வந்தால் ஆற்றங்கரைப் படியில் கூட்டம். நம் கோயிலின் படிப்பாயசம் உங்களுக்குத் தெரியும். நேர்ந்துகொண்டவர்கள் படியைக் கழுவிப் பாயசத்தை அதன்மேலேயே ஊற்றுவார்கள். குழந்தைகள் உட்கார்ந்து வழித்துக் குடிக்கும். முருகனே பிள்ளை வடிவில் வந்து குடிப்பதாக நம்பிக்கை. நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். கல்லில் ஊற்றியதை நக்கித் தின்பதா என்று சின்ன வயதிலேயே ஓடிவிடுவேன். அன்றைக்கும் ஒதுங்கித்தான் நடந்தேன். சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் ஆச்சி.

மகளை உறவுக்காரரிடம் விட்டுவிட்டு நேர்ச்சை செலுத்த வந்திருக்கிறார். "முருகன்தான் தம்பி உங்கள எங்கண்ணுல காட்டுதான்" என்று படியிலிருந்து ஒரு கை பாயசத்தை வழித்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் கையை நீட்டியபடியே நின்றேன். எங்கே கொட்டலாம் என்று பார்த்தேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். பெரிய டாக்டர்ட்ட கேக்க பயமா இருக்கு. மெட்ராசுல எம்மவளுக்கு கரண்டு வைப்பாவளாமே? அங்கனயும் நான் கூட இருந்து எண்ணெ வச்சிவிட விடுவாவளா?"

"என்ன எண்ணெய், ஆச்சி?"

"வௌக்கெண்ணெதான். கரண்டு கம்பில வேல பாக்குத எங்கூர்ப் பையன் சொன்னான், எண்ணெக்குள்ள கரண்டு ஏறாதுன்னு. நீங்க ஒயரு ஒட்டுத அன்னிக்கெல்லாம் கூட்டியாரதுக்கு முன்னால தலையில நல்லா வச்சி அழுத்திருவேன். உங்க பொட்டி இடப்பக்கந்தான இருக்கு, ஒயரு அங்கன இருந்துதான வருது? அதனால இடப்பக்கம் ரெண்டு கை கூடுதலா வைப்பேன். சின்னப்புள்ள தம்பி. தாங்க மாட்டா."

ஒயர் ஒட்டுவது தலையிலிருந்து எடுக்க மட்டும்தான், உள்ளே ஒன்றும் விடுவதில்லை என்று அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். மகளைக் காப்பாற்ற என்று தாய் பூசிய எண்ணெய், மகளின் மண்டையில் துளை போடுகிற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. நடுவில் இருந்து அதைத் துடைத்திருக்க வேண்டிய கை என்னுடையது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் என் உள்ளங்கை காலியாக இருந்தது. பாயசத்தை எப்போது வாயில் போட்டேன் என்று தெரியவில்லை.

நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் வேண்டினேன். அவன் ஆச்சியின் வாயைத் திறந்துவிட்டான். இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

மறுநாள் ஞாயிறு. பேராசிரியர் காலையிலேயே ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டார். நான் ஆச்சியையும் சொர்ணத்தையும் பங்களாவின் பின்பக்கத்துக்கு வரச் சொன்னேன். வெந்நீர் போட்டேன். சீயக்காய் கரைத்தேன். "இன்னிக்கு ஒருநாள் எண்ணெய் வேண்டாம் ஆச்சி. கரண்டு உள்ளே போகாது. முருகன்மேல் ஆணை" என்றேன். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார். பிறகு சரி என்று தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

அவர் ஊற்ற ஊற்ற நான் தேய்த்தேன். விளக்கெண்ணெய் லேசில் போகாது. முடிக்குள் பத்து விரலையும் விட வேண்டியிருந்தது. காய்ந்துபோன என் பழைய பசை கட்டி கட்டியாக வந்தது. பேன் நெளிந்து என் மணிக்கட்டில் ஏறியது. காதுக்கு மேலே ஒரு புண், சீழ் வைத்திருந்தது. நான் ஒட்டிய கிண்ணம் அழுத்தி அழுத்தி வந்த புண். தலையைத் திருப்பி ஒரு தடவை ஓங்கரித்தேன். மறுபடியும் தேய்த்தேன்.

குனிந்திருந்த தலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் ரொம்ப நாறுதேனா?"

ஆச்சியின் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு இது. "ஏட்டி, என்ன சொன்ன? எம்மா, இன்னொருக்க சொல்லு" என்று அந்த அம்மாள் ஈரத்திலேயே உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டார். அவள் ஊமையாக இருந்தாளே தவிர, நான் மூச்சைப் பிடித்ததையும், மூக்கைச் சுளித்ததையும், விரல் நுனியால் தொட்டதையும் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த வெட்கம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

தலையைத் துவட்டி, வகிடு பிரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒவ்வொரு இடத்திலும் மீட்டர் பார்த்து ஒயர் ஒட்டினேன். உண்மையான எண்களை முதல் தடவையாக எழுதினேன். இயந்திரத்தை ஓட விட்டேன். பதினாறு பேனாவும் ஆடின. இடதும் வலதும் ஒன்றுபோல ஆடின. காகிதம் தரையில் மடிந்து விழ விழ, நான் "முருகா முருகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் பேராசிரியர் ஈரத் துண்டோடு வந்தார். காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். நான் தலைகளைச் சுத்தம் செய்யவில்லை, எண்களெல்லாம் பொய் என்றேன். ஆச்சி எண்ணெய் வைத்ததை மட்டும் சொல்லவில்லை. வைத்தாலும் துடைக்க வேண்டியவன் நான்தானே.

அவர் காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, "இதை நீ சொல்லாம இருந்திருக்கலாமே" என்றார். அன்பர்களே, நான் எத்தனையோ அழுக்கைத் தொட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் போல எதுவும் என்னைக் குமட்ட வைத்ததில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் சென்னைக்குப் போகிறவர்கள் பட்டியலில் சொர்ணத்தின் பெயரை அடித்தார். சாப்பாட்டுக்குப் பின்னால் சம்பளப் பட்டியலில் என் பெயரை அடித்தார். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாரலில் நனைந்தபடி தென்காசி பஸ் ஏறினேன்.

ஒரே நாளில் எல்லாம் விடிந்துவிட்டது என்று எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அப்படி நடக்கவில்லை. எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா என்னோடு பேசவில்லை. ஆனால் நான் சந்துக்குள் திரும்பவில்லை. யார் எதிரே வந்தாலும், "வேலை போயிற்று" என்று நின்று சொன்னேன்.

ஆச்சி சொர்ணத்தைத் திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினார். அங்கே, "ஒரு தம்பி தலையக் கழுவி ஒயரு ஒட்டுனாவ, அன்னிக்குத்தான் எம்புள்ள பேசுனா" என்று சொல்லியிருக்கிறார். அந்த மருத்துவர் அப்போதுதான் இதே மாதிரி இயந்திரம் வாங்கி, ஒழுங்காக ஒட்டத் தெரிந்த ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். ஆள் விட்டு அழைத்தார். 1979 பங்குனியிலிருந்து இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். ஆராய்ச்சி இல்லை, பிஎச்.டி. இல்லை. தலை கழுவுகிறேன், ஒட்டுகிறேன், எழுதி எடுக்கிறேன். சொர்ணம் மாத்திரை சாப்பிடுகிறாள். சில மாதம் மௌனமாகிவிடுவாள், மறுபடி தேறுவாள். ஊரில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். மண்டையில் துளை இல்லை. எனக்கு அது போதும்.

ஆச்சிக்கு மட்டும் நடந்தது இன்னும் தெரியாது. "அந்த எண்ணெதான் எம்புள்ளையக் காப்பாத்திச்சு தம்பி. கரண்டு ஏறவே இல்ல பாத்தீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். உண்மையைச் சொன்னால் அந்தத் தாய் தாங்க மாட்டார். நான், "ஆமா ஆச்சி" என்பேன். அவர் சும்மா இருப்பாரா? வாசுதேவநல்லூர்ச் சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு யார் வந்தாலும் தலையில் விளக்கெண்ணெய் வழிய வழியத்தான் வருகிறார்கள். போன வாரம்கூட ஒருவர் வந்தார், தோளெல்லாம் எண்ணெய். சீயக்காயைக் கரைத்தேன்.

குமட்டல் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அதைப் போக்கு என்று நான் முருகனிடம் கேட்கவும் இல்லை. கஷ்டத்தில் இருக்கிறவர்கள் அவனை நம்பிக் கேளுங்கள். அரைகுறையாகவாவது, என்னைப்போல அசிங்கமாகவாவது கேளுங்கள். பதில் கட்டாயம் வரும். அது சந்தனம் மணக்க வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நாற்றத்தோடு வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டாவது அங்கேயே நில்லுங்கள். ஓடிவிடாதீர்கள்.